உருதுப் பெயர்கள்: பொருளும் பூர்விகமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூட வேலை பார்ப்பவர் பெயர் நஸீர், பக்கத்து வீட்டுப் பெண் பெயர் பர்வீன், வரலாற்றுப் புத்தகத்தில் ஜஹாங்கீர். தினமும் காதில் விழும் இந்தப் பெயர்களுக்கு என்ன பொருள், எங்கிருந்து வந்தன என்று கேட்கிறவர்கள் நிறைய பேர். அப்படிக் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

உருதுப் பெயர் என்று தனியாக உண்டா? எல்லாம் அரபுப் பெயர்கள்தானே?

அரபு நிறைய இருக்கிறது. அது மட்டுமே இல்லை. உருது வட இந்தியாவில் பிறந்து வளர்ந்த மொழி. அதன் வினைச்சொற்களும் இலக்கணமும் இந்திக்கும் பொதுவானவை. அரசவை மொழியாகப் பல நூற்றாண்டு இருந்த பாரசீகம் அதற்குள் ஏராளமான சொற்களைக் கொண்டுவந்தது. அரபுச் சொற்களிலும் பெரும்பகுதி பாரசீகத்தின் வழியாகத்தான் வந்தது. படை நடத்தி வந்தவர்கள் பேசிய துருக்கி மொழியிலிருந்தும் கொஞ்சம் சேர்ந்தது. பெயர்களும் அப்படியே. ஜமீல் (அழகன்) அரபு. ஷிரீன் (இனியவள்) பாரசீகம். அர்ஸ்லான் (சிங்கம்) துருக்கி. முஸ்கான் (புன்னகை) அசல் இந்திய மண்ணின் சொல். அகமதுநகரைக் காத்து நின்ற சாந்த் பீபியின் 'சாந்த்' நம் 'சந்திர'னிலிருந்து வந்ததுதான்.

இந்த மொழிகள் ஒரே பெயருக்குள்ளும் கலந்து நிற்கும். நூர்ஜஹானில் 'நூர்' (ஒளி) அரபு, 'ஜஹான்' (உலகம்) பாரசீகம். அவருடைய இயற்பெயர் மெஹ்ருன்னிஸா. அதில் 'மெஹ்ர்' (சூரியன்) பாரசீகம், 'நிஸா' (பெண்கள்) அரபு. பெண்களில் சூரியன் என்று பொருள். இப்படிக் கூட்டிக் கட்டுவதைத்தான் நான் உருதுப் பெயரின் தனித்தன்மை என்பேன்.

ஒரு பெயர் அரபா பாரசீகமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்து வேரிலிருந்து கிளைப்பவை. ஹ-ம-த என்ற வேருக்குப் புகழ்தல் என்று பொருள். அதிலிருந்து முஹம்மது, அஹ்மது, ஹமீத், மஹ்மூத், ஹாமித் எல்லாம் வருகின்றன. ந-வ-ர வேரில் நூர், அன்வர், முனீர். ஷ-ர-ஃப வேரில் ஷரீஃப், அஷ்ரஃப், முஷர்ரஃப். இரண்டு மூன்று பெயர்களில் ஒரே மெய்யெழுத்து வரிசை ஓடுவது தெரிந்தால் அநேகமாக அரபு.

பாரசீகம் அப்படி வேரை உருக்கி வார்க்காது; சொல்லோடு சொல்லை ஒட்டும். தில் (மனம்) என்பதோடு ஷாத் (மகிழ்ந்த) சேர்ந்தால் தில்ஷாத். குல் (மலர்) என்பதோடு நார் (மாதுளை) சேர்ந்தால் குல்னார், மாதுளம்பூ. மாஹ் (நிலா) என்பதோடு ஜபீன் (நெற்றி) சேர்ந்தால் மஹ்ஜபீன். பிறை நுதல் என்று நம் புலவர்கள் பாடுவதும் இதைத்தானே? நடிகை மீனா குமாரியின் இயற்பெயர் மஹ்ஜபீன் பானு.

ஆனால் ஒலியை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. நஸ்ரீன் என்ற பெயரைக் கேட்டவுடன் 'நஸ்ர்' (உதவி) என்ற அரபு வேர் நினைவுக்கு வரும். அது பாரசீகப் பெயர், ஒரு வகை ரோஜாவைக் குறிப்பது.

நஸீர் என்றால் என்ன பொருள்? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே?

எல்லோரும் சரியாகவே சொல்லியிருக்கக்கூடும். ஏனென்றால் தமிழில் 'நஸீர்' என்று எழுதும்போது மூன்று வேறு பெயர்கள் ஒன்றாகிவிடுகின்றன.

உருதுவில் 'ஸ' ஒலிக்கு மூன்று எழுத்துகள் உண்டு: ஸே, ஸீன், ஸுவாத். ஆங்கிலத்தின் கடைசி எழுத்து ஒலிக்கு நான்கு உண்டு: ஜே, ஜால், ஜுவாத், ஜோய். அரபியில் இவை எல்லாம் தனித்தனி ஒலிகள். உருது பேசுகிறவர் வாயில் அவை ஒன்றாகிவிட்டன, எழுத்தில் மட்டும் வேறுபாடு தங்கிவிட்டது. தமிழுக்கு வரும்போது ஸ, ஜ என்ற இரண்டு எழுத்துக்குள் அத்தனையும் அடங்கிவிடுகின்றன.

ஸுவாத் போட்டு எழுதினால் நஸீர் என்பவர் உதவுகிறவர். நடிகர் நஸீருத்தீன் ஷாவின் பெயர் இது. மார்க்கத்துக்குத் துணை நிற்பவர் என்று பொருள். ஜால் போட்டு எழுதினால் எச்சரிக்கிறவர். 1869-லேயே உருதுவில் நாவல் எழுதிய டெல்லி நஸீர் அஹ்மதின் பெயர் இது. நபிகளை நற்செய்தி சொல்பவர் (பஷீர்), எச்சரிப்பவர் (நஸீர்) என்று குர்ஆன் சேர்த்தே அழைக்கிறது. அண்ணன் பஷீர், தம்பி நஸீர் என்று ஒரு வீட்டில் இருந்தால் அநேகமாக இந்த நஸீர்தான். ஜோய் போட்டு எழுதினால் நிகரானவர், உவமையாகச் சொல்லத்தக்கவர். ஆக்ராவின் சந்தையையும் திருவிழாவையும் பாடிய மக்கள் கவி நஸீர் அக்பராபாதியின் பெயர் இது.

எனவே ஒருவர் பெயருக்குப் பொருள் சொல்வதற்கு முன் அதை உருதுவில் எப்படி எழுதுகிறார்கள் என்று கேட்பதுதான் முறை. ஜாஃபர் (ஓடை), ஜஃபர் (வெற்றி) விஷயமும் இதே கதைதான். கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா வைத்துக்கொண்ட புனைபெயர் இரண்டாவது. தமிழில் இரண்டும் 'ஜாபர்' ஆகிவிடுகிறது.

நண்பரை 'அப்துல்' என்று கூப்பிடலாமா? 'தீன்' தனிப் பெயரா?

'அப்த்' என்றால் அடியார். 'அல்' என்பது அரபுச் சுட்டு. இரண்டும் சேர்ந்து அப்துல் ஆகிறது. அதோடு நிறுத்தினால் 'இன்னாருடைய அடியார்' என்பதில் இன்னார் விடுபட்டுப்போகிறது. அப்துல் கரீம் என்றால் கொடையாளனாகிய இறைவனின் அடியார். பின்பாதியை மட்டும் எடுத்து 'ரஹ்மான்' என்று கூப்பிட்டால் அது இறைவனுக்கே உரிய பெயர் என்பதால் சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். முழுப்பெயரைச் சொல்வதே நல்லது. வீட்டில் வேறு செல்லப்பெயர் இருந்தால் அது தனி.

'தீன்' என்றால் மார்க்கம். நூருத்தீன் மார்க்கத்தின் ஒளி, ஜலாலுத்தீன் மார்க்கத்தின் மாண்பு. அலுவலகப் படிவங்களில் 'உத்தீன்' என்பதைத் தனியே வெட்டி குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். அது பெயரை நடுவில் அறுப்பது.

அபுல் கலாம், அப்துல் கலாம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. முதல் கல்வி அமைச்சர் ஆசாத்தின் பெயரில் இருப்பது 'அபு', அதாவது தந்தை. அபுல் கலாம் என்றால் சொல்லின் தந்தை, பேச்சில் வல்லவர். குடியரசுத் தலைவராக இருந்த ராமேசுவரத்துக்காரர் பெயரில் இருப்பது 'அப்த்'. அவருடைய தந்தையின் பெயர் ஜைனுலாப்தீன். வணங்குவோரின் அணிகலன் என்று பொருள்.

நுஸ்ரத் ஆண் பெயரா, பெண் பெயரா?

இரண்டும். கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கான் ஆண்; பெனசிர் பூட்டோவின் தாயார் நுஸ்ரத் பூட்டோ பெண். அரபியில் சொல்லின் ஈற்றில் வரும் 'த்' பெண்பால் அடையாளம். பாரசீகத்தில் ஆண்பால் பெண்பால் வேறுபாடே கிடையாது. அங்கே போனதும் அந்த 'த்' வெறும் ஒலியாகிவிட்டது. அதனால்தான் ஷௌகத் (மாட்சி), ரஹ்மத் (அருள்), ஹிதாயத் (நல்வழி), இனாயத் (பரிவு) எல்லாம் ஆண்களுக்கும் வந்தன. கிலாபத் இயக்கத்தின் ஷௌகத் அலி நினைவிருக்கும். அதே ஈறுள்ள இஸ்மத் (கற்பு, மாசின்மை) எழுத்தாளர் இஸ்மத் சுக்தாயின் பெயர். கவிஞர் முஹம்மது இக்பால் ஆண், கஜல் பாடிய இக்பால் பானு பெண். மும்தாஜ், குர்ஷித், ஷமீம், அக்தர் ஆகியவையும் இருபாலருக்கும் ஆகும்.

விண்மீன் பெயர்கள் நிறைய இருக்கின்றனவே?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பர்வீன் என்றால் நம் கார்த்திகை நட்சத்திரம். சுரையாவும் அதே கார்த்திகைதான். முன்னது பாரசீகம், பின்னது அரபு. அந்தக் காலப் பாடகி-நடிகை சுரையாவையும் பர்வீன் என்ற பெயர்கொண்ட எவரையும் தமிழில் கார்த்திகா என்றே சொல்லிவிடலாம். சுஹைல் என்பது தெற்கு வானில் ஒளிரும் அகத்திய நட்சத்திரம். ஜொஹ்ராவும் நாஹீதும் வெள்ளி. நாஹீத் என்பதில் பழைய ஈரானின் நீர்த்தெய்வம் அனாஹிதாவின் பெயர் ஒளிந்திருக்கிறது. முஷ்தரி வியாழன். தாரிக் இரவில் வந்து கதவு தட்டுபவர், அதாவது இரவில் தோன்றும் விண்மீன். அன்ஜும் என்பது பன்மை, விண்மீன்கள். பத்ர் முழுநிலா, ஹிலால் பிறை.

முகலாய மன்னர்களின் பெயர்கள் இயற்பெயர்களா?

பெரும்பாலும் பட்டப்பெயர்கள். அக்பருக்குப் பிள்ளை இல்லாத குறை இருந்தது. சிக்ரியில் இருந்த ஷேக் சலீம் சிஷ்தியின் ஆசிக்குப் பின் 1569-ல் பிறந்த மகனுக்கு அவர் பெயரையே வைத்தார்: சலீம். மகன் அரியணை ஏறியபோது, இந்தப் பெயர் துருக்கி சுல்தானின் பெயரோடு குழம்புகிறது, அரசர்களின் வேலை உலகை ஆள்வதுதானே என்று யோசித்து ஜஹாங்கீர் என்று சூட்டிக்கொண்டதாகத் தன் நினைவுக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். ஜஹான் என்றால் உலகம், கீர் என்றால் கைக்கொள்பவர். அவருடைய பேரன் ஔரங்கசீப் சூட்டிக்கொண்ட பட்டம் ஆலம்கீர். ஆலமும் உலகம்தான். பாரசீகச் சொல் இருந்த இடத்தில் அரபுச் சொல் வந்தது. தாத்தா பேரன் இருவர் பட்டத்துக்கும் பொருள் ஒன்றே.

ஔரங்கசீப் என்பது சிம்மாசனத்தின் அலங்காரம். ஹுமாயூன் மங்கலமானவர். ஷாஜஹானின் இளமைப் பெயர் குர்ரம், மகிழ்ச்சியானவர். ஜஹானாரா உலகை அலங்கரிப்பவள். சென்னை வாலாஜா சாலைக்குப் பெயர் தந்த ஆற்காடு நவாபின் 'வாலாஜா'வும் பட்டம்தான்: உயர்ந்த தகுதியுடையவர்.

தாழ்வான பொருளில் பெயர் வைப்பார்களா?

வைப்பார்கள். பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த குழந்தைக்குக் குப்பன், பிச்சை என்று நாம் வைப்பதில்லையா? வட இந்தியாவில் அப்படிப்பட்ட குழந்தையைத் தரையில் கொஞ்சம் இழுத்துவிட்டு 'கசீட்டா' என்று பெயரிடுவார்கள். இழுபட்டவன் என்று பொருள். கண்ணேறு படாமல் பிழைக்கட்டும் என்ற தாயின் தவிப்புதான் அந்தப் பெயர். இந்துக்களும் முஸ்லிம்களும் இருவருமே வைத்தார்கள்.

இதே கவலையின் இன்னொரு முகம் அல்லா ரக்கா. 'ரக்கா' என்பது காத்தவன், வைத்திருந்தவன் என்ற பொருளில் வரும் பஞ்சாபி-இந்திச் சொல். இறைவன் காத்த பிள்ளை என்று பொருள். 1919-ல் பிறந்த தபேலா மேதை அல்லா ரக்காவின் பெயர் அது. நம் ஏ.ஆர். ரஹ்மானின் 'ஏ.ஆர்.' என்பதும் அல்லா ரக்கா தான். அல்லா தித்தா என்றால் இறைவன் தந்தவன். குதா பக்ஷ் என்பதும் இறைவனின் கொடை. அதில் இரண்டு சொல்லும் பாரசீகம்.

பணிவுக்காக வைக்கும் பெயர்கள் வேறு வகை. குலாம் அலி என்றால் நபிகளின் மருமகன் அலியின் அடிமை. 1865 முதல் 1887 வரை ராம்பூரை ஆண்ட நவாபின் பெயர் கல்ப் அலி கான். 'கல்ப்' என்றால் நாய். அலியின் வாசலில் கிடக்கும் நாய் என்று ஒரு நவாப் பெயர் தாங்கியதை இழிவாகப் படிக்கக் கூடாது, பக்தியாகப் படிக்க வேண்டும். நாயினேன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அடியார்களைப் பாடிப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிறந்த ஆண்டைப் பெயருக்குள் ஒளித்துவைப்பார்களாமே?

ஆமாம். அதற்குத் தாரீகி நாம் என்று பெயர். அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு; அந்த முறைக்கு அப்ஜத் என்று பெயர். எழுத்துகளின் எண்களைக் கூட்டினால் ஹிஜ்ரி (இஸ்லாமிய) ஆண்டு வரும்படி பெயரைத் தேர்ந்தெடுப்பார்கள். அபுல் கலாம் ஆசாத்துக்கு வைத்த தாரீகி நாம் 'ஃபிரோஸ் பக்த்', வெற்றிப் பேறு உடையவர். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: ஃபே 80, யே 10, ரே 200, வாவ் 6, ஜே 7. ஆக 303. அடுத்த சொல்லில் பே 2, கே 600, தே 400. ஆக 1002. இரண்டையும் கூட்டினால் 1305. ஹிஜ்ரி 1305 என்பது 1887 செப்டம்பரிலிருந்து 1888 செப்டம்பர் தொடக்கம் வரை. அவர் பிறந்தநாளாக நாம் கொண்டாடும் 1888 நவம்பர் 11 ஹிஜ்ரி 1306-ல் விழுகிறது. ஆண்டைப் பற்றி அவர் பெயர் வேறு சொல்கிறது, காலண்டர் வேறு சொல்கிறது. பெயரை நம்பவே எனக்குத் தோன்றுகிறது.

வண்டிகளிலும் கடைகளிலும் பார்க்கும் 786 இதே கணக்கில் வந்ததுதான், பிஸ்மில்லா வாசகத்தின் கூட்டுத்தொகை.

காலிப், ஃபைஸ், ஃபிராக் எல்லாம் என்ன பெயர்கள்?

தக்கல்லுஸ், அதாவது கவிஞர் தானே வைத்துக்கொள்ளும் முத்திரைப்பெயர். கஜலின் கடைசி ஈரடியில் அதை வைத்து முடிப்பார்கள். மிர்ஸா அசதுல்லா கான் முதலில் அசத் (சிங்கம்) என்று எழுதினார், பிறகு காலிப் (மேலோங்கியவர்) ஆனார். 'அசதுல்லாஹில் காலிப்' என்பது அலியின் சிறப்புப்பெயர். இயற்பெயரும் இரண்டு புனைபெயர்களும் அந்த ஒரே தொடருக்குள் அடங்கிவிடுகின்றன.

வலியைப் பெயராக்கிக்கொண்டவர்கள் அதிகம். தாக் வடு, மஜ்ரூஹ் காயம்பட்டவர், ஃபிராக் பிரிவு. ஃபிராக் கோரக்பூரியின் இயற்பெயர் ரகுபதி சகாய். சாஹிர் லூதியான்வி என்றால் லூதியானாவின் மந்திரவாதி. பிறந்தபோது வைத்த பெயர் அப்துல் ஹயீ.

முஸ்லிம் அல்லாதவர்களும் இந்தப் பெயர்களை வைப்பார்களா?

தாராளமாக. ஜவாஹர்லாலின் ஜவாஹர் (மணிகள்) அரபு. லால் பகதூரின் பகதூர் (வீரர்) பாரசீகம் வழியாக வந்தது. குரு தேக் பகதூரின் தேக் (வாள்) பாரசீகம். முகலாயரை எதிர்த்து நின்ற குரு கோவிந்த் சிங்கின் மகன்களில் இருவர் ஜோராவர் (வலிமையுள்ளவர்), ஃபதே (வெற்றி). அந்தச் சொற்களை யாரும் எதிரியின் சொற்களாகப் பார்க்கவில்லை.

நம் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. சிவாஜியின் பாட்டனார் மாலோஜிக்கு நெடுநாள் பிள்ளை இல்லை. அகமதுநகரின் ஷா ஷரீஃப் என்ற பீரிடம் (முஸ்லிம் மகானிடம்) வேண்டிக்கொண்டு பிறந்த இரண்டு மகன்களுக்கு ஷாஹாஜி, ஷரீஃப்ஜி என்று பெயரிட்டதாக மராட்டிய மரபு சொல்கிறது. அந்த ஷரீஃப்ஜிதான் ஷரபோஜி. தஞ்சாவூர் சரபோஜி மன்னரின் பெயரில் அந்த பீர் இன்னும் இருக்கிறார். திப்பு சுல்தானின் பெயரும் ஆற்காட்டில் அடங்கிய திப்பு மஸ்தான் அவுலியாவின் நினைவாக வைத்ததே.

பேகம், பானு, கான், மிர்ஸா, பாஷா?

பேக், கான் இரண்டும் தலைவரைக் குறிக்கும் துருக்கிப் பட்டங்கள். பேகம், கானும் அவற்றின் பெண்பால். மிர்ஸா என்பது அமீர்சாதா, பிரபுவின் பிள்ளை. பானு என்றால் பாரசீகத்தில் சீமாட்டி. பானுமதியில் வரும் பானு வடமொழிச் சூரியன்; நூர்பானுவோடு அதற்கு உறவில்லை. தமிழ்நாட்டில் கேட்கும் பாஷா பாரசீகப் பாத்ஷா, அரசர்.

தமிழ் முஸ்லிம்களின் பெயர்களும் உருதுப் பெயர்களா?

ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு பக்கம் வீட்டில் உருது பேசுகிறவர்களுக்கு ஆம். தாய்மொழி தமிழாக உள்ள முஸ்லிம்களுக்கு அரபு கடல்வழியாக நேராக வந்தது. பாத்திமா, கதீஜா போன்ற பெயர்கள் உருதுவைத் தொடாமலே வந்தவை. மீரான், முகைதீன், சாகுல் ஹமீது எல்லாம் மகான்களின் நினைவு. நாகூரில் வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை சாகுல் ஹமீது ஆவான்.

இங்கும் எழுத்து விஷயம் உண்டு. முஹ்யித்தீன் (மார்க்கத்துக்கு உயிரூட்டியவர்) 1166-ல் மறைந்த பாக்தாத் அப்துல் காதிர் ஜீலானியின் பட்டம். முயீனுத்தீன் (மார்க்கத்துக்கு உதவியவர்) அஜ்மீர் சிஷ்தியின் பெயர். தமிழில் இரண்டும் 'மொய்தீன்' ஆகிவிடும். எந்த மொய்தீன் என்று தெரிய அந்த வீட்டுப் பாட்டி எந்த தர்காவுக்கு நேர்ந்துகொண்டார் என்று கேட்க வேண்டியிருக்கும்.

குழந்தைக்குப் பெயர் தேடுகிறோம். இணையத்தில் போட்டிருக்கும் பொருளை நம்பலாமா?

அப்படியே நம்ப வேண்டாம். ஆங்கில எழுத்தில் தேடும்போது மேலே சொன்ன மூன்று நஸீரும் அங்கேயும் ஒன்றாகிவிடுகிறார்கள். கேட்க இனிமையான ஒரு ஒலியைப் போட்டு 'அல்லாவின் பரிசு', 'இளவரசி' என்று பொருள் எழுதிவைக்கும் பட்டியல்களும் இருக்கின்றன. பிடித்த பெயரை உருது அல்லது அரபு எழுத்தில் எழுதி வாங்குங்கள். நல்ல அகராதியில் வேரைப் பாருங்கள், அல்லது அரபு படித்த ஒருவரிடம் காட்டுங்கள். ஏழாம் நாள் அகீகா சடங்கில் பெயர் சூட்டுவது வழக்கம், அதற்குள் இதைச் செய்ய நேரம் உண்டு. பிறப்புச் சான்றிதழுக்குப் போகும்போது தமிழ், ஆங்கில எழுத்துக்கூட்டலையும் அன்றே முடிவுசெய்து, அப்பா பெயர் எல்லா ஆவணங்களிலும் எப்படி இருக்கிறதோ அப்படியே கொடுங்கள். 'முகமது' ஒன்றையே எத்தனை விதமாக எழுத முடியும் என்பது பாஸ்போர்ட் எடுக்கப் போனவர்களுக்குத் தெரியும்.

ருக்ஸானா என்ற பெயருக்கும் அலெக்சாண்டருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அவர் மணந்த பாக்திரியா நாட்டுப் பெண் ரொக்சானா. ஒளி என்று பொருள்படும் பழைய ஈரானியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது; ரோஷன் அதே வேரில் பிறந்தது. சிக்கந்தர் என்பது அலெக்சாண்டரேதான்.